மச்சு ரூம் சிரிப்பு

போன்ல நீங்க பேசினது காதுல விழுந்துட்டு அண்ணாச்சி, தப்பா நெனச்சுக்கிடாதீங்க. பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு காதைக் கழத்தியா வைக்க முடியும்? மாடியில ஒரு ரூம் எடுத்து வாடகைக்கு விடப் போறியளாக்கும். நல்லது. ஆனா அனுபவப்பட்டவன் ஒரு வார்த்தை சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. நான் ஆலங்குளத்துல எறங்கணும், இன்னும் முக்கா மணி நேரம் கெடக்கு.

யாருக்கு வேணும்னாலும் ரூமை விடுங்க. சண்டைக்காரனுக்கு விடுங்க, சத்தம் போடுதவனுக்கு விடுங்க. ஒரு குத்தமும் சொல்ல முடியாத ஆளுக்கு மட்டும் விட்டுராதீங்க. சிரிக்காதீங்க அண்ணாச்சி. நான் பட்டவன் சொல்லுதேன்.

எனக்குப் பாளையங்கோட்டை. பேரு ஆவுடையப்பன். சர்வே ஆபீஸ்ல முப்பத்தாறு வருசம் சங்கிலி பிடிச்சு நிலம் அளந்தவன். எதுக்கும் ஒரு மொறை உண்டுங்கிற ஆளு நான். காலையில அஞ்சரைக்குக் காப்பி, ஏழுக்குப் பேப்பரு, எட்டேகாலுக்கு இட்லி. சொம்பு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருக்கணும். துண்டு கொடியில மூணாவதா கெடக்கணும். மாறிப் போச்சுன்னா எனக்குத் தலை கிறுகிறுன்னு வரும். வீட்டுக்காரிக்கு இதெல்லாம் கல்யாணமான புதுசுலயே பழகிட்டு. வாயைத் திறந்து கேக்க வேண்டியதில்ல, ஒரு கனைப்புக் கனைச்சா சொம்புல தண்ணி வந்துரும். முப்பத்து மூணு வருசத்துல எங்களுக்குள்ள ஒரு சண்டை கெடையாது. சண்டை போடணும்னா பேசணும்லா? பேச்சே கெடையாது. அவ்வளவு ஒத்துமை.

மக ஒருத்தி, செண்பகம். ஓசூர்ல கட்டிக் குடுத்திருக்கு. ஆறு வருசமாச்சு, இன்னும் விசேசம் ஒண்ணுமில்ல. பாக்காத டாக்டர் இல்ல. அது போகட்டும். அவ படிக்கையில இருந்த மாடி மச்சு ரூம் சும்மாதான கெடக்கு, ஆளு இருந்தா வீட்டுக்கும் ஒரு காவல்னு வாடகைக்கு விட்டேன்.

மொத மொத வந்தவன் மருந்துக் கம்பெனிக்காரன். நிதம் பைக்கைக் குளிப்பாட்டுவான். நம்ம வீட்டுத் தண்ணியில, நம்ம வீட்டு வாசல்ல, மாட்டைக் குளிப்பாட்டுத மாதிரி! நான் மோட்டாரை நிப்பாட்டினேன், அவன் ரூமைக் காலி பண்ணினான். அடுத்து ஒரு யோகா மாஸ்டர். மொட்டை மாடித் தட்டட்டியில ஜட்டியோட தலைகீழா நிப்பான். எதுத்த வீட்டுப் பொம்பளைங்க துணி காயப் போட வெளிய வர முடியல. அவனையும் அனுப்பிச்சேன். இவனுகளை எல்லாம் சமாளிக்கது லேசு அண்ணாச்சி. தப்பு கண்ணுக்குத் தெரியுது, நாலு வார்த்தை சொல்லுதோம், போயிருதான்.

மூணாவதா வந்தாளே, பியூலா! தபால் ஆபீஸ்ல வேலை. வயசு நாப்பத்தஞ்சு இருக்கும். கல்யாணம் கெட்டிக்கிடல. ஏன் கெட்டலன்னு கேட்டேன், "தோணல அண்ணாச்சி"ன்னா. அதென்ன பதிலு? கறி மீன் சமைக்கக் கூடாதுன்னேன். சரின்னுட்டா. மீன் திங்கணும்னா ஞாயித்துக்கிழமை ஆலங்குளத்துல தங்கச்சி வீட்டுக்குப் போயிருவா. ஒம்பது மணிக்கு கேட்டைப் பூட்டிருவேன்னேன். சரின்னா. சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் வந்துருவா. வாளி வைக்கையில சத்தம் வராது. செருப்பைக் கீழயே கழத்திக் கையில தூக்கிட்டுப் போவா. நானும் ஆறு மாசம் குத்தம் தேடினேன் அண்ணாச்சி, அளவு சங்கிலி பிடிச்ச கண்ணு இது, ஒண்ணும் அகப்படல.

ஒரு நாள் சாயங்காலம் வாசல்ல பேப்பரு பாத்துக்கிட்டு இருக்கேன். மேல இருந்து ஒரு பொம்பளை சிரிக்கா. சும்மா சிரிப்பு இல்ல. மூச்சு விட முடியாம, நடுவுல நடுவுல "ஐயோ, ஐயோ"ன்னுக்கிட்டு, அடங்கிப் போய்த் திரும்பவும் பொத்துக்கிட்டு வருது. யாருடா இதுன்னு பாத்தேன். பியூலா குரல் கட்டைக் குரலு. இது அது இல்ல. அவளுக்கு விருந்தாளி யாரும் வந்திருக்காளோ, சொல்லாம கொள்ளாம ஆளைக் கூட்டிட்டு வந்துட்டாளோ, ஆகா அகப்பட்டுட்டாடா குத்தம்னு விறுவிறுன்னு படியேறிப் போறேன்.

எம்பொண்டாட்டி.

கூழ் வத்தல் காயப் போட்ட துணியை மடக்கிக்கிட்டு, கண்ணுல தண்ணி வர சிரிச்சுக்கிட்டு நிக்கா, பக்கத்துல பியூலா. என்னைக் கண்டதும் சிரிப்பு நின்னுட்டு. லைட்டை அணைச்ச மாதிரி ரெண்டு பேரு மூஞ்சியும் ஆயிட்டு. "என்ன வேணும்?"ங்கா. "டேங்க்ல தண்ணி பாக்க வந்தேன்"னேன். பாத்தேன். தண்ணி இருந்துச்சு. எறங்கி வந்துட்டேன்.

முப்பத்து மூணு வருசம் அண்ணாச்சி. அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்ல. கல்யாண வீட்டுல, கோயில் கொடை விழாவுல, மக பொறந்த அன்னைக்கி, எங்கனயும் கேட்டதில்ல. இவளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும்னு யாராவது சொல்லியிருந்தா நான் அடிச்சே சொல்லியிருப்பேன், இல்லன்னு. எங்க வச்சிருந்தா இத்தன நாளா? நேத்து வந்தவளுக்கு எடுத்துக் குடுக்கா!

எரிஞ்சுது அண்ணாச்சி. மறைக்க என்ன இருக்கு? வயிறு எரிஞ்சுது. ஒரு ஆம்பளை வந்து பேசிச் சிரிச்சிருந்தாலாவது நாலு பேருகிட்டச் சொல்லலாம், சட்டையப் பிடிக்கலாம். பொம்பளையும் பொம்பளையும் சிரிக்குததுக்கு எந்த ஸ்டேசன்ல போய்ச் சொல்ல?

அதுல இருந்து எனக்கு இதே வேலையாப் போச்சு. சாயங்காலம் அஞ்சரை ஆனா காது மேல போயிரும். பேப்பர்ல ஒரு வரி ஓடாது. பியூலா வந்து பத்து நிமிசத்துல இவ துணி எடுக்கப் போறேன்னு ஏறிருவா. ஒரு கொடித் துணியை ஒண்ணரை மணி நேரம் எடுப்பாளா ஒருத்தி? பியூலா இவளை "வடிவக்கா"ன்னுதான் கூப்பிடுவா. மொத தடவை கேக்கையில யாருடா அது வடிவுன்னு ஒரு நிமிசம் யோசிச்சேன், பாத்துக்கிடுங்க. சண்முகவடிவு. கல்யாணப் பத்திரிகையில போட்டிருந்துச்சு. நான் "ஏட்டி"ன்னுதான் கூப்பிடுவேன். அது போதும்லா, வீட்டுல வேற யாரு இருக்கா?

நானும் ஒண்ணும் சும்மா இருக்கல. இவளுக்குச் சிரிப்புதான் வேணும்னா நாமளும் சிரிக்க வைப்போமேன்னு, பேப்பர்ல வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்கை மனப்பாடம் பண்ணி வச்சிருந்து சாப்பிடுகையில சொன்னேன். முழுசும் கேட்டா. கேட்டுட்டு, "ரசம் ஊத்தவா?"ன்னா.

ஒரு தடவை படியில பாதியில நின்னு கேட்டேன். ஒட்டுக் கேக்கல அண்ணாச்சி, முட்டு வலிக்குதுன்னு நின்னேன். இவ யாரையோ மாதிரி பேசிக் காட்டுதா. ஆம்பளைக் குரல்ல கனைக்கா. "சொம்பு எங்க? சொம்பு ஜன்னலுக்கு இந்தப் பக்கம்லா இருக்கணும்! எதுக்கும் ஒரு மொறை உண்டு, கேட்டியா?" அவ்வளவுதான், அந்த பியூலா தரையைத் தட்டித் தட்டிச் சிரிக்கா. "இன்னொருக்க, இன்னொருக்க, அந்தத் துண்டு"ங்கா. இவ திரும்பவும் கனைக்கா. எவனோ தபால் ஆபீசுக்கு வாரவனை அவ இவளுக்குச் சொல்லிக் குடுத்திருப்பா போல. அதுல சிரிக்க என்ன இருக்குன்னு எனக்கு இன்னைக்கி வரைக்கும் விளங்கல. அந்த ஆளு சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லியே? சொம்பு இருக்க எடத்துல இருக்கணும்லா?

கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அந்தம்மா கையில பிள்ளையோட நிக்காவ. ஆங். சீதபற்பநல்லூர் தாண்டிட்டா? இருக்கட்டும்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கிட்டேன். மார்கழி மாசம் ஒரு நாள் இவ படியில ஒரு காலை இழுத்து இழுத்து ஏறுதா. என்னட்டின்னு கேட்டா, "இப்பம் தேவல, ஊசி போட்டாச்சு"ங்கா. எப்பம் ஊசி போட்ட? "மூணு வாரமா போட்டுக்கிட்டுதான இருக்கேன், பியூலா கூட்டிட்டுப் போறா." முட்டுல நீர் கோத்திருக்காம். எக்ஸ்ரே எல்லாம் எடுத்திருக்காவ. எனக்கு ஒண்ணும் தெரியாது. எங்கிட்டச் சொன்னா என்னன்னு கேட்டேன். "நீங்க கேக்கலியே"ன்னுட்டுப் போயிட்டா.

சிரிப்பை அவளுக்குக் குடுத்தா. சரி. வலியையும் அவளுக்குத்தான் குடுக்கணுமா? புருசன்னு நான் ஒருத்தன் வாசல்ல குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். அன்னைக்கி முடிவு பண்ணினேன், இவ இனிமே இந்த வீட்டுல இருக்கக் கூடாது.

ஆனா என்ன சொல்லிக் காலி பண்ணச் சொல்ல? குத்தம்தான் இல்லியே! அப்புறம் எல்லாரும் சொல்லுதத்தான் நானும் சொன்னேன். நீங்களும் நாளைக்குச் சொல்லுவிய, பாருங்க. வாடகைக்கு இருக்கவங்களை எழுப்பணும்னா ஊரு ஒலகத்துல சொல்லுத காரணம் ஒண்ணே ஒண்ணுதான். இவ கோயிலுக்குப் போன நேரமாப் பாத்து மேல போனேன். "எம்மவ பேறுகாலத்துக்கு வாரா. ரூம் வேணும்"னேன்.

அந்த பியூலா இருக்காளே, என்ன செய்தா தெரியுமா? கையெடுத்துக் கும்பிட்டா. கண்ணெல்லாம் நெறஞ்சு போச்சு. "நெசமாவா அண்ணாச்சி? ஆறு வருசம்! கர்த்தர் கண்ணைத் திறந்துட்டாரே! நான் நிதமும் செண்பகத்துக்காக ஜெபம் பண்ணுதேன். அக்கா ஒரு வார்த்தை சொல்லலியே!"ங்கா. எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா சொன்ன பெறகு எப்படி மாத்த? "மாசம் கொஞ்சம் ஏறட்டும்னு இருக்கோம். கண்ணு பட்டுரும்லா. நீங்களும் உங்கக்காகிட்டக் கேட்டுக்கிடாதீங்க, ஆபீஸ்ல மாத்தல், அது இதுன்னு சொல்லிருங்க"ன்னேன். "மூச்சு விட மாட்டேன்"னா. போற நாள் வரைக்கும் விடவும் இல்ல. அந்த மட்டுக்கும் ஒழுங்குக்காரிதான், இல்லன்னு சொல்லல.

ஒரு மாசத்துல தங்கச்சி வீட்டுக்குச் சாமானை ஏத்திட்டா. ஆலங்குளத்துல இருந்து நிதம் பஸ்ல பாளைக்கு வந்துட்டுப் போறது. புறப்படுகையில இவ கையில ஒரு பொட்டலம் குடுத்தா. இவ பிரிச்சுப் பாக்கா. பழைய பருத்திச் சேலையைக் கிழிச்சு, சதுரம் சதுரமா ஓரம் மடிச்சுத் தச்ச துணி. நாலு டஜன் இருக்கும். பொறக்கப் போற பிள்ளைக்குப் புதுத்துணி தைக்கக் கூடாதுல்லா, அது தெரிஞ்சு தன்னோட சேலையைக் கிழிச்சிருக்கா. "செண்பகத்துக்கு. அண்ணாச்சி சொல்லிட்டாவ, கோவிச்சுக்கிடாதீங்கக்கா"ன்னு காதுல சொன்னா. காதுலதான் சொன்னா, எனக்கும் கேட்டுச்சு.

இவ துணியப் பாத்தா. என்னப் பாத்தா. நான் ஆட்டோக்காரன் கயிறு சரியாக் கட்டுதானான்னு பாத்துக்கிட்டு நின்னேன். போச்சு, இப்பம் தெருவுல வச்சு மானத்தை வாங்கப் போறான்னு நெனச்சேன். வாங்கல. "ஆமா பியூலா. நல்லாருக்கு"ன்னு சொல்லி வாங்கிக்கிட்டா. அவளை ஆட்டோவுல ஏத்தி விட்டு, தெரு முக்கு வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னா.

சரி, தப்பிச்சோம்னு உள்ள வந்து உக்காந்தேன். ஒரு மணி நேரம் ஆகல, இவ போன் அடிக்கு. செண்பகம். பியூலாகிட்ட அவ நம்பரு இருக்குன்னு எனக்கு யாரு சொன்னா? இவளுக மூணு பேரும் சேர்ந்து பேசிக்கிடுவாளுகளாம். பியூலா பஸ்ஸுல போய்க்கிட்டே கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லியிருக்கா. போன்ல எம்மவ பேசுதது எனக்கு உக்காந்த எடத்துல கேக்கு. "அம்மா, அப்படி யாரும்மா சொன்னது? யாரு சொன்னா?" அதையே கேக்கா. திரும்பத் திரும்ப அதையேதான் கேக்கா. அப்புறம் பேச்சு இல்ல, அழுகைதான்.

ஒரு பேச்சுக்குச் சொன்னது அண்ணாச்சி. வாயில வந்த ஒரு வார்த்தை. அதுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமா? பிள்ளை நாளைக்கே உண்டாகாமயா போகப் போகுது?

இவ சத்தம் போட்டிருந்தா எனக்கு ஆறிப் போயிருக்கும். போடல. பாயைச் சுருட்டினா. தலையணை, ஒரு சொம்பு, அந்தத் துணிப் பொட்டலம். எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் படியேறுதா. எங்கட்டி போறன்னேன். பாதிப் படியில நின்னு திரும்பினா. "பேறுகாலத்துக்கு ரூம் வேணும்னு சொன்னியல்லா? இந்த வீட்டுல பெத்தவ நான் ஒருத்திதான். நான் இருந்துக்கிடுதேன்"னா. கதவைச் சாத்திட்டா.

நாப்பத்தோரு நாள் ஆச்சு. சாப்பாட்டுல ஒரு குறை இல்ல, அதையும் சொல்லணும்லா. அஞ்சரைக்குக் காப்பி இருக்கும். எட்டேகாலுக்கு இட்லி மூடி இருக்கும். சொம்பு இருக்க எடத்துல இருக்கும், துண்டு மூணாவதாக் கெடக்கும். எல்லாம் மொறைப்படி. ஆளைத்தான் காணும். நான் எந்திரிக்க முன்னால வந்து வச்சுட்டுப் போயிருதா. நானும் கனைச்சுப் பாத்தேன். ஒரு நாள் தொண்டை நோவுத மட்டும் கனைச்சேன். மேல கதவு திறக்கல. செண்பகம் என் போனை எடுக்கதில்ல. மாப்பிள்ளைதான் எடுத்து, "குளிக்கா மாமா, தூங்குதா மாமா"ங்காரு. ஒருத்தி எந்நேரமும் குளிப்பாளா?

இதுக்குத்தான் அண்ணாச்சி இன்னைக்கி ஆலங்குளம் போறேன். நேத்துப் பூரா யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன். அந்த பியூலாவைத் திரும்பக் கூப்பிடப் போறேன். ஆமா, நானேதான்! லீவு நாளு, தங்கச்சி வீட்டுலதான் இருப்பா. தப்பா விளங்கிக்கிட்டீங்கம்மா, டாக்டர் தப்பாச் சொல்லிட்டாருன்னு ஏதாவது சொல்லிக்கிடலாம். மீன் வேணும்னாலும் பொரிச்சுக்கட்டும். கேட்டைப் பூட்ட மாட்டேன். அவ வந்துட்டா ரூமுக்கு ஆள் வந்தாச்சு. ரூமுக்கு ஆள் வந்துட்டா இவ கீழ எறங்கித்தான ஆகணும்? வாடகைக்கு விட்ட ரூம்ல வீட்டுக்காரி எப்படி இருக்க முடியும்? எதுக்கும் ஒரு மொறை உண்டுல்லா! எப்படி என் யோசனை?

என்ன? என்ன கேட்டிய?

ரெண்டு பேருமா?

இல்ல, ரெண்டு பேரும் மேலயே எப்படி... ஒரு கட்டில்தான கெடக்கு. இவ பாயில படுப்பாதான். நான் அளந்து கட்டுன ரூமு அண்ணாச்சி அது, பதினாறுக்குப் பன்னெண்டு. தாராளமா இருக்கலாம். ரெண்டு பேரு தாராளமா இருக்கலாம்.

இது எனக்குத் தோணல பாருங்க.

ஆலங்குளமா? வந்துட்டா? ஏ கண்டக்டர் தம்பி, ஒரு நிமிசம், எறங்கணும். இல்ல அண்ணாச்சி, எறங்கத்தான் செய்வேன். இருந்துட்டுப் போகட்டும், ரெண்டு பேரும் மேலயே இருக்கட்டும். நீங்க எங்க வீட்டுல வந்து ஒரு சாயங்காலம் உக்காந்து பாத்தாத் தெரியும். ஒரு சத்தம் இல்ல. அவ வந்துட்டான்னா இவ சிரிப்பா. மேல சிரிச்சாலும் கீழ எனக்குக் கேக்கும்லா.